ஆயிரமாவது கட்டத்தில் எழுதியது

அவருக்கு ‘ரெண்டு நாள்’ என்று பேர் வந்ததற்கு அவரே காரணம். கடைக்கு யார் வந்து எந்த ஹார்ட் டிஸ்க்கை எப்போது தருவீர்கள் என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: “ரெண்டு நாள் ஆகும்.” அவசரம் என்று குதித்தாலும் ரெண்டு நாள், காலில் விழுந்தாலும் ரெண்டு நாள். கடைசியில் தபால்காரர்கூட “ரெண்டு நாள் இருக்காரா?” என்று கேட்டுத்தான் உள்ளே வருவார்.

அலுவலகங்கள் கழித்துப்போட்ட டிஸ்க்குகளை வாங்கி, சோதித்து, தேறியதை விற்பது கடையின் தொழில். வாங்குவதும் விற்பதும் தம்பி, சோதிப்பது அண்ணனான ‘ரெண்டு நாள்’. தம்பிக்கு வாய், அண்ணனுக்குப் பொறுமை. ஒரே தாய் வயிற்றில் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு பிறந்தார்கள் என்று உறவில் கேலி செய்வார்கள். பதினான்கு வருடம் அந்தக் கேலி கடைக்கு நல்லதாகவே இருந்தது.

முன்னறையில் ஆறு பழைய கணினிகள், ஆறிலும் லினக்ஸ். அண்ணன் காலையில் வந்ததும் டிஸ்க்கை மாட்டி, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, அதனிடமே அதன் வரலாற்றைக் கேட்பார். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறாய், எத்தனை இடம் கெட்டுப்போய் மாற்று இடம் போட்டிருக்கிறாய் என்று டிஸ்க் சொல்லும். அதை எழுதிக்கொள்வார், ஆனால் நம்ப மாட்டார். “தன்னைப் பத்தி யாரும் முழுசா உண்மை சொல்ல மாட்டாங்க, டிஸ்க் மட்டும் சொல்லுமா?” என்பார்.

அடுத்தது வேகம். வெளி ஓரத்தில் வேகமாகப் படிக்கும், உள்ளே போகப் போகக் குறையும். அது இயல்பு. ஆனால் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தடுக்கி விழுந்து எழுந்தால் அங்கே நோய் இருக்கிறது. அதன் பிறகுதான் பெரிய சோதனை. டிஸ்க் முழுக்க ஒரு வடிவத்தை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, ஒப்பிட்டு, அழித்து, வேறு வடிவம் எழுதி என்று நான்கு முறை. இதற்குத்தான் அந்த ரெண்டு நாள். நடுவில் வந்து புறங்கையை டிஸ்க்கின் மேல் வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் குழந்தையின் நெற்றியைப் பார்க்கிற மாதிரி.

தேறினால் ஒரு சீட்டு. ஓடிய மணி, வேகம், தேதி, கீழே அவர் கையெழுத்து. தேறாவிட்டால் சிவப்புக் கூடை. சிவப்புக் கூடை டிஸ்க்குகளைத் தம்பி சனிக்கிழமைகளில் பின்னறைக்கு எடுத்துப்போய், டிரில் போட்டு மூன்று ஓட்டை துளைப்பான். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால்தான் அண்ணனுக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. டிஸ்க்கின் தொடக்கத்தில், முதல் பிரிவு ஆரம்பிப்பதற்கு முன்னால், எண் போட்ட கட்டங்களாக, யாரும் தொடாத ஒரு சின்ன இடைவெளி இருக்கும். ஃபார்மட் செய்தாலும் அங்கே பெரும்பாலும் கை படாது. சோதனை முடிந்ததும் அந்த இடைவெளியில், சரியாக ஆயிரமாவது கட்டத்தில், ஒரு வரி எழுதிவைப்பார்: தேதி, தேறியதா இல்லையா, ஏன். ஒரு காலத்தில் எவனோ லேபிளை மாற்றி ஒட்டி, வேறு கடை டிஸ்க்கைக் கொண்டுவந்து இவர் தலையில் கட்டப் பார்த்தான். அதிலிருந்து வந்த பழக்கம். தம்பியிடம் சொன்னதில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நில அளவையாளர் ஒருவர் வந்தார். குடையை வாசலில் உதறி வைத்துவிட்டு, துணிப்பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ‘ரெண்டு நாளு’க்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாலு மாசந்தான் ஆச்சு சார். டக்கு டக்குனு சத்தம் வருது, எதுவும் திறக்கல. பதினோரு வருஷம் அளந்தது எல்லாம் இதுலதான் இருக்கு. பழைய டிஸ்க்கைக் காலி பண்ணி என் மச்சினனுக்குக் கொடுத்துட்டேன்.”

“ஒரே டிஸ்க்லயா வெச்சீங்க?”

“உங்க கையெழுத்து இருந்துச்சே சார்.”

அளவையாளர் சீட்டை எடுத்து நீட்டினார். கையெழுத்து சாட்சாத் அவருடையதுதான். கடைசி எழுத்தின் வால் சுழிகூட. ஆனால் மேலே, ஓடிய மணி என்ற இடத்தில் பன்னிரண்டு என்று இருந்தது. பன்னிரண்டு மணி நேரம்! வருடக்கணக்கில் ஓடிக் களைத்த டிஸ்க்குகள் வரும் கடையில், அப்படிப்பட்ட புது மாப்பிள்ளை ஒன்று கையில் கிடைத்திருந்தால் அவர் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

தேதியைப் பார்த்தார். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்து வீட்டில் படுத்திருந்த பதினைந்து நாட்களில் ஒன்று. அப்போது தம்பி கட்டிலருகே உட்கார்ந்து, “சோதனையெல்லாம் நான் ஓட்டிக்கிறேண்ணே. நீ சீட்டுல மட்டும் கையெழுத்து போட்டுக் கொடு, போதும்” என்றான். வெற்றுச் சீட்டுகள். தையல் வலிக்க, தலையணைமேல் பலகையை வைத்து, நாற்பது போட்டுக் கொடுத்தார். தம்பிதானே. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்று உலகத்துக்கே புத்தி சொல்கிறவர் போட்டார்.

டிஸ்க்கை மாட்டினார். அது முனகிக்கொண்டே எழுந்தது. ஆயிரமாவது கட்டத்தை மட்டும் படிக்கச் சொன்னார். மூன்று முறை தடுமாறி, நான்காவது முறை ஒரு வரி வந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. ‘தேறவில்லை. 41 இடம் கெட்டது. உடைக்கவும்.’

அவரே எழுதியது.

அளவையாளரிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “இது விற்கக் கூடாத டிஸ்க். தப்பு எங்க பக்கம். முடிஞ்ச வரைக்கும் படிச்சு எடுத்துத் தர்றேன், எவ்வளவு வரும்னு தெரியாது” என்றார். உடைந்த டிஸ்க்கிலிருந்து வருவதை மட்டும் பொறுக்கி எடுக்கும் நிரலை ஓடவிட்டார். அளவையாளர் திரையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “ரெண்டு நாள் ஆகுமா?” என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். கிண்டலாகக் கேட்கவில்லை.

அண்ணன் எழுந்து பின்னறைக்குப் போனார். அங்கே அவர் போவதே இல்லை, தூசி ஆகாது. டிரில் ஆணியில் தொங்கியது. அதன் கீழே சுவரோரம் ஒரு மரப்பலகை. பலகை முழுக்க ஓட்டை. விரல் வைக்க இடமில்லாமல் மூன்று மூன்றாக ஓட்டை. ஒரு டிஸ்க்கின் தூள்கூடத் தரையில் இல்லை, எல்லாம் மரத்தூள்.

சனிக்கிழமை சனிக்கிழமையாக முன்னறையில் உட்கார்ந்து அவர் நிம்மதியாகக் கேட்ட சத்தம் இதுதான். சத்தத்துக்காகவே ஒருவன் மெனக்கெட்டுப் பலகையைத் துளைத்திருக்கிறான். ஏமாற்றுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்கு இவ்வளவு உழைப்பா? அந்த உழைப்பில் கால்வாசி சோதனையில் காட்டியிருந்தால் கடை எங்கேயோ போயிருக்கும்.

தம்பி பதினொரு மணிக்கு வந்தபோது, அலமாரியில் விற்பனைக்கு அடுக்கியிருந்த இருபத்து மூன்று டிஸ்க்குகளையும் அண்ணன் ஒவ்வொன்றாக மாட்டி ஆயிரமாவது கட்டத்தைப் படித்து முடித்திருந்தார். மேசையில் இரண்டு அடுக்கு. ஒன்றில் தேறியவை பன்னிரண்டு, இன்னொன்றில் அவர் உடைக்கச் சொன்னவை பதினொன்று. நடுவில் அந்தப் பலகை. திரையில் அவர் ஆயிரமாவது கட்டங்களில் எழுதிவைத்த வரிகள் வரிசையாக நின்றன.

பலகையைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் செத்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள்தான், ஆனால் அன்று கையில் சோறில்லை.

“மணிக்கணக்கை எப்படிடா அழிச்ச?”

“அதுக்கு ஒரு கருவி இருக்குண்ணே. டிஸ்க்கோட சீரியல் நம்பரையும் மாத்திடலாம்.”

“ஏன்டா?”

“ஆறு மிஷின்ல ரெண்டு ரெண்டு நாளா ஓட்டினா எத்தனை டிஸ்க் தேறும்? வர்றவன் காத்திருக்க மாட்டேங்குறான். பாதிக்குப் பாதி நீ சிவப்புக் கூடையில போடுற. எல்லா டிஸ்க்கும் ஒரு நாள் சாகத்தான் போகுது. உனக்கு நாலு வடிவம் எழுதிப் பாக்கணும், அவனுக்கு ஒரு சீட்டு வேணும். யாருண்ணே டிஸ்க்கை வாங்குறா? உன் பேரைத்தான் வாங்குறாங்க.”

“அதான் என் பேரை வித்துட்டியா?”

தம்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான்.

“சரி, நீ ஒழுங்கா? எல்லா டிஸ்க்லயும் ரகசியமா எழுதி வெச்சிருக்க. பதினாலு வருஷமா என்கிட்ட சொல்லல. என்னைப் பிடிக்கத்தானே வெச்சே?”

திருடன் வீட்டுக்காரனைப் பார்த்து, நீ ஏன் பூட்டுப் போட்டாய் என்று கேட்கிற நியாயம். ஆனாலும் அது குத்தியது. ஏன் சொல்லவில்லை என்று அவருக்கே அப்போதுதான் கேள்வி வந்தது.

“கண்டவனுக்கு எப்படியோ, உனக்கு நான் துரோகம் நினைக்கலண்ணே” என்றான் தம்பி, குரல் இறங்கி. “நீ படுத்திருந்தப்போ வீட்டுக்கு ஒரு டிஸ்க் கொண்டுவந்து கொடுத்தேனே. உனக்குன்னு தனியா எடுத்து வெச்சது. அதைக்கூடவா சந்தேகப்படுவ?”

அதைச் சொன்னபோது அவன் கண் கலங்கியது உண்மை. நடிப்பு இல்லை. அண்ணன் செருப்பை மாட்டினார்.

வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். வழியெல்லாம் அவர் வீட்டிலிருந்த அந்த ஒரு டிஸ்க்கை மனசில் பிடித்துக்கொண்டு நடந்தார். கடை போகட்டும், பேர் போகட்டும். வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம், அவமானம்தானே, பட்டுக்கொள்ளலாம். கூடப் பிறந்தவன் ஊரை ஏமாற்றினான், அண்ணனை இல்லை என்று ஒன்று மிஞ்சினால் போதும். அதை வைத்து மீதியை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்நேரத்தில் அவரைப் பார்த்ததும் எழுந்தாள். “என்னங்க, வயிறு வலிக்குதா?”

“இல்ல. தம்பி கொடுத்த டிஸ்க் எங்க?”

அவள் அலமாரியிலிருந்து எடுத்தாள். பூப்போட்ட துணியில் சுற்றி வைத்திருந்தாள். பிள்ளைகளின் போட்டோ எல்லாம் அதில்தான். அவருடைய அப்பா சாவதற்கு முந்தின வருடம் பேசிய நான்கு நிமிடப் பதிவும் அதில்தான். குழாயை மூடாமல் போனது யார் என்று அண்ணனையும் தம்பியையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருப்பார். அதை எத்தனை முறை போட்டாலும் வீடே சிரிக்கும். பழைய கணினியை எடைக்குப் போட்டபோது எல்லாவற்றையும் பத்திரமாக இருக்கட்டும் என்று இதற்கு மாற்றினாள்.

“ஏன், இது நல்லதுதானே? தம்பி தனியா எடுத்து வெச்சதுன்னு சொன்னாரே.”

அவர் வீட்டுப் புதுக் கணினியில் மாட்டினார். கட்டளை அடிக்கும்போது இரண்டு முறை தவறாக அடித்தார். மூன்றாவது முறை வரி வந்தது, தடுமாறாமல், சுத்தமாக. ‘தேறவில்லை. நடுவில் வேகம் விழுகிறது. உடைக்கவும்.’

மனைவி அவர் தோளுக்கு மேலாக அதைப் படித்தாள். “இது நீங்க எழுதினதா?”

“நான்தான்.”

தம்பிக்குப் போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தான், காத்துக்கொண்டே இருந்திருப்பான் போல.

“எனக்குக் கொடுத்தியே, அதை எங்கருந்து எடுத்த?”

“ஞாபகமில்லண்ணே. அலமாரியில இருந்துதான் எடுத்தேன். அதுல எது நல்லது எது கெட்டதுன்னு அப்புறம் எனக்கே தெரியாமப் போச்சு.”

அவர் போனை வைத்தார். அழுகை வந்தது, அழுதார், துடைத்துக்கொண்டார். அவன் அண்ணனுக்கென்று நல்லதைத் தேடி எடுத்துக் கொடுத்ததாகவே இத்தனை நாள் நம்பியிருக்கிறான் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. வைவதற்குக்கூட ஒரு முழு எதிரி கிடைக்கவில்லை.

பிறகு வேலையைப் பார்த்தார். எது முதலில் என்று மனைவி கேட்கவில்லை. அப்பாவின் பதிவை வேறு இடத்துக்கு நகலெடுக்கக் கொடுத்துவிட்டு இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். பச்சைக் கோடு பாதி தாண்டியதும் டிஸ்க் ஒரு முறை இழுத்தது, மறுபடி இழுத்தது, நின்றது. அவர் புறங்கையை அதன் மேல் வைத்தார். கொதித்தது.

வந்தவரைக்கும் போட்டுக் கேட்டார்கள். குழாயை யார் மூடாமல் போனது என்று அப்பா கேட்கிறார். பெரியவன் பேர் வருகிறது, “அவன் செய்ய மாட்டான்” என்கிறார். அடுத்து சின்னவன் பேரைச் சொல்ல வாயெடுக்கும்போது பதிவு முடிந்துவிட்டது.