வெள்ளிக்கிழமைச் சோறு

1

முள்வேலியும் கூட்டுச் சமையலும் ஒரே சமயத்தில் வந்தன என்று இப்போது பலர் சொல்கிறார்கள். தவறு. வேலி மலாயாவில் அவசரகாலத்தின் தொடக்கத்தில் வந்தது. கூட்டுச் சமையல் சில ஆண்டுகள் கழித்து வந்தது. நான் அப்போது லிங்கி பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரஸர். புண்ணுக்கு மருந்து கட்டுவது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது என் வேலை. ஞாயிறு மாலைகளில் வேதக்காரர் குடியிருந்த லயத்து வீடுகளில் ஜெபமும் நடத்துவேன்.

கூட்டுச் சமையல் தொடங்கிய அன்று போலீசார் வீடு வீடாகப் புகுந்து அரிசியை அள்ளிப் போனார்கள். இனி ஒரே கொட்டகையில் வடித்து, தலைக்கு இவ்வளவு என்று சோறாகத்தான் தருவார்கள். அரிசி என்றால் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குக் கடத்தலாம். சோறு மறுநாள் ஊசிப்போகும் என்பது அரசின் எண்ணம்.

அதற்கு முன்பே எங்கள் தோட்டத்துத் தொழிலாளி யாக்கோபைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவனின் வாளிக்குள் ஒரு பொட்டலம் அரிசி இருந்தது. மத்தியானக் கஞ்சிக்கு என்றான். யாரும் நம்பவில்லை. விசாரணையில்லாமல் தடுப்பு முகாமில் போட்டார்கள். அவனை விடச் சொல்லி மனு ஒன்று மேலே போயிருந்தது. அவன் மனைவி எஸ்தர் ஒவ்வொரு வெள்ளியும் பொழுது சாயும்வரை உபவாசமிருந்து ஜெபித்தாள்.

காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கேலி செய்வார்.

“என்ன எஸ்தரு, ஒங்க சாமிக்கு மலாய்லதான் சொல்லணுமோ? தமிழ்ல சொன்னா கேக்கல போலருக்கே.”

“எதுல சொன்னாலும் கேப்பாரு மண்டோரே. நீங்க பேரக் கூப்புடுங்க, வேலைக்குப் போவணும்.”

2

ஒரு வெள்ளி மத்தியானம் காவல் காப்ரல் அவளை என் மருந்துக் கொட்டகைக்குக் கூட்டிவந்தார். கையில் அவள் வீட்டுச் சோற்றுச் சட்டி.

“டிரஸர், இவளுக்கு ஏதாச்சும் சீக்கு இருக்கா? புள்ளைங்க தின்னுட்டுது. இவ பங்கத் தொடவே இல்ல. யாருக்குன்னு கேட்டா சாமிங்கறா.”

“சாமிக்குன்னு சொல்லல சார். சாமிகிட்ட கேக்கறதுக்காகச் சாப்புடலன்னேன். பொழுது சாஞ்சதும் நாந்தான் திம்பேன்.”

“எங்க வூட்டுலயும் வெரதம் இருப்பாங்க லா. தண்ணி ஊத்தி மூடி வைக்க மாட்டாங்க. தண்ணி ஊத்துனா நாளைக்கும் தாங்கும்ல?”

ஊசிப்போகாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பெண்களின் கைப்பழக்கம். அன்றைக்கு அதுவே கடத்தலுக்குச் சாட்சியாகிவிட்டது. அவளுக்கு வயிற்றுக்கோளாறு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தேன். எஸ்தர் முந்திக்கொண்டாள்.

“வயிறு நல்லாத்தான் இருக்கு டிரஸரய்யா. பொய்யச் சொல்லிப்புட்டு எந்த மொகத்தோட சாமிகிட்ட கேக்கறது?”

காப்ரல் சட்டியோடு போய்விட்டார்.

3

மனு தள்ளுபடியானது. காப்ரல் சட்டி விஷயத்தை மேலே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாக்கோபைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகத் தோட்ட அலுவலகக் கிராணி வந்து சொன்னபோது கப்பல் போய்விட்டிருந்தது. திரும்பி வர அனுமதி கிடையாது.

எஸ்தர் அழவில்லை. “நான் சாப்புடாம இருந்து கேட்டதே எங்க வூட்டுக்காரருக்கு வெனையாப் போச்சு” என்றாள். ஞாயிறுதோறும் ‘பொறுத்திருங்கள், பதில் வரும்’ என்று பேசியவன் நான்.

அடுத்த வெள்ளி அவள் சமையல் கொட்டகையில் காப்ரல் எதிரே நின்றபடியே சோற்றைத் தின்றாள். வெறும் தட்டை அவரிடம் காட்டினாள். பிறகு அங்கேயே சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டாள். வரிசையில் நின்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வரிசையில் நின்ற நான் அவளருகே குனிந்து கேட்டேன்: “இனிமே என்னம்மா கேக்கப்போற?”

“அதையேதான். வேற என்னா இருக்கு எனக்குக் கேக்க?”

யாக்கோபு வரவில்லை. நான் அந்தத் தோட்டத்தை விட்டு மாற்றலாகிப் போகும்வரை அவள் கேட்பதை நிறுத்தவுமில்லை. அதன் பிறகு நான் யாரிடமும் பதில் வரும் என்று சொன்னதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவரின் பக்கத்தில் போய் முழங்காலிடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.