பதினாலு பட்டன்

வாழ வந்த அன்றே அந்தப் பெயர் அண்ணியின் காதில் விழுந்துவிட்டது. "குலுக்கல் எழுந்தாச்சா? குலுக்கல் சாப்பிட்டாச்சா?" என்று புருஷன் மாடியைப் பார்த்துக் கேட்டபோது, வீட்டில் பூனையோ நாயோ வளர்க்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். படியிறங்கி வந்ததோ அவருடைய தங்கை. கையில் பிஸ்கட் டப்பா. அதைக் காதோரம் வைத்துக் கடகடவென்று குலுக்கிக்கொண்டே, "நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க அண்ணி. இன்னிக்குப் புதுசு எடுக்கிற நாள்" என்றாள்.

புதுசு என்றாளே தவிர, எடுத்ததெல்லாம் பழசு. எழுதியவர் செத்து நூறு வருஷமாகியும் தாம் சாகாத நாவல்கள். பழைய புத்தகக் கடையில் பத்தும் பன்னிரண்டுமாக வாங்கி வருவாள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பட்டனை ஒட்டுவாள். அதன் ஜோடியை டப்பாவில் போடுவாள். கையை விட்டு எடுத்தால் எந்தப் பட்டன் வருகிறதோ அந்தப் புத்தகம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கடைசிப் பக்கம் வரை படித்தாக வேண்டும். மாற்றி எடுப்பது கிடையாது. "வந்தது வந்ததுதான்" என்பாள்.

"இவ நாவல் படிக்கிறாளா, லாட்டரி நடத்துறாளா?" என்று அண்ணன் கேலி செய்வார்.

"நானே பார்த்து எடுத்தா மிச்சமிருக்கிறது எல்லாம் என்னையே பார்க்கும்ணே. சண்டை எதுக்கு?"

கோட்டு தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. பட்டன் நுழையும் ஓட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைப்பது. ஒரு கோட்டு எத்தனை கை மாறி வந்தாலும் இவள் கைக்கு வந்த பிறகுதான் மூடும். பட்டன் பெட்டி கவிழ்ந்தால் மற்றவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிவார்கள். இவள் ஜன்னலைப் பார்த்தபடி, ஊர்க்கதை பேசிக்கொண்டே, விரலால் தடவியே பதினெட்டு வகையையும் பிரித்து வைத்துவிடுவாள்.

அந்த வீட்டுப் பரம்பரையில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். அவர்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்த அத்தைக்கு நாற்பத்தெட்டு வயதில் பக்கத்தில் நிற்பவர் தெரியாமல் போயிற்று. ஐம்பத்தொன்றில் எதிரே நிற்பவரும். இரண்டாவது அத்தை தப்பித்தாள். சித்தப்பா தப்பவில்லை. அப்பா தப்பித்தார், ஆனால் அவர் பிள்ளைகளில் மகனை விட்டுவிட்டு மகளைப் பிடித்துக்கொண்டது. குலுக்கல் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது.

"எத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஒரு வருஷமும் இருக்கலாம், பத்து வருஷமும் இருக்கலாம்" என்றார் கண் டாக்டர்.

அன்று திரும்பும் வழியிலேயே பழைய புத்தகக் கடைக்குப் போய்ப் பதினான்கு நாவல்களை வாங்கினாள். "இதுதான் கடைசி அடுக்கு அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அதில் ஒன்று ஆயிரத்து நூற்று எட்டுப் பக்கம். எல்லோரும் அதைத் தலையணை என்றார்கள். குண்டுப் புத்தகத்துக்குக் குண்டுப் பட்டன் என்று சிரித்துக்கொண்டே அதற்கு ஓவர்கோட்டுப் பட்டனை ஒட்டினாள். வாழ்நாளெல்லாம் படிக்க ஆசைப்பட்ட புத்தகம் அதுதான் என்று அண்ணிக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்தில் ஒன்பது புத்தகம் முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஓவர்கோட்டுப் பட்டன் வருமா என்று அண்ணி பார்த்து நிற்பாள். ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ வந்தது. "தலையணைக்கு நம்ம மேல கோபம் போலிருக்கு" என்று குலுக்கல் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் தப்பித்தவளின் மூச்சு இருந்தது.

பத்தாவது எடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். டப்பாவுக்குள் போன கை வெளியே வரவில்லை. உள்ளே கனமான ஏதோ ஒன்று தகரத்தில் உரசி ஓரமாக ஒதுங்கும் சத்தம் கேட்டது.

"உள்ளே என்ன பிசைஞ்சுக்கிட்டிருக்கே?"

"எடுக்கறேன்."

"எடுக்கலை. ஒதுக்கறே."

"சும்மா இருங்க அண்ணி. குருட்டாம்போக்குல கை போகுது."

"உன் கையா குருட்டாம்போக்குல போகும்? வெளியே எடு. விரிக்காதே. மூடின கையில என்ன இருக்கு, சொல்லு."

"சட்டைக் கைப் பட்டன். ரெண்டு ஓட்டை, விளிம்புல கொஞ்சம் தேஞ்சது" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. கையை விரித்தாள். அதேதான்.

குலுக்கலின் முகம் வெளுத்துப் போயிற்று. ஒன்பது தடவை கண்ணை மூடிக்கொண்டு நியாயமாக எடுத்ததாக நினைத்திருந்தாள். ஒன்பது தடவையும் விரல் அவளுக்குச் சொல்லாமலே ஓவர்கோட்டுப் பட்டனை ஒதுக்கி, ஆள் பார்த்து எடுத்திருக்கிறது.

"அதை ஆரம்பிச்சா நடுவுல நின்னுடும் அண்ணி" என்றாள் மெதுவாக. "பெரியத்தை கடைசியா படிச்ச பத்திரிகையில பாதித் தொடர்கதையோட நின்னா. சாகிற வரைக்கும், 'அந்தப் பொண்ணு என்னடி ஆனா'ன்னு வர்றவங்களை எல்லாம் கேட்டா."

"நான் படிச்சுக் காட்ட மாட்டேனா?"

"நீங்க எழுத்துக் கூட்டிப் படிச்சா எனக்கு எம்பது வயசு ஆயிடும்."

அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து போய்க் குலுக்கலின் வேலைப் பையிலிருந்து கோட்டுத் தோளுக்கு வைக்கும் பஞ்சைக் கொண்டு வந்தாள். கையிலிருந்ததையும் சேர்த்து மிச்சமிருந்த ஐந்து பட்டன்களையும் ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றினாள். சின்னதற்கு அதிகமாகவும் பெரியதற்குக் குறைவாகவும் வைத்து, மேலே நூலை இறுக்கி, ஐந்தையும் ஒரே அளவு உருண்டையாக்கினாள். டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். சத்தமே வரவில்லை.

"இப்ப எடு. பயமா இருந்தா வேண்டாம். டப்பாவை மூடி வச்சிடலாம்."

"மூடி வச்சா மட்டும் கண்ணு நிக்கவா போகுது?"

கை உள்ளே போனது. இம்முறை தடவவில்லை, தொட்டதை எடுத்தது. அவள் பிரிக்கவில்லை, அண்ணியிடம் நீட்டினாள். அண்ணியின் விரலுக்கு முடிச்சு அவிழவே இல்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பஞ்சு ஒரு சுற்றிலேயே விலகிவிட்டது.

"வந்துடுச்சா?" என்றாள் குலுக்கல், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"வந்துடுச்சு."

தலையணையை அலமாரியிலிருந்து குலுக்கலே இறக்கினாள். நன்றாக வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதல் மாதம் நாளுக்கு இருபது பக்கம் போயிற்று. இப்போது எட்டுப் பக்கம். வரியின் கடைசிக்குப் போகத் தலையையே திருப்ப வேண்டியிருக்கிறது. அடுத்த வரி தொலைந்துவிடாமல் இருக்கத் துணி அளக்கும் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். அண்ணி கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. காலையில் டீயை வைக்கும்போது, "எங்கே இருக்கே?" என்று மட்டும் கேட்பாள்.

இன்று காலை அவள் எழுநூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தாள்.