சனிக்கிழமைக் கடல்

மஸ்கட்டில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த அரவிந்த்குமார், இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அறந்தாங்கிக்குத் திரும்பினான். அவன் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். வருகிறவர்கள் பார்க்க வேண்டுமல்லவா? வந்தவர்கள் அவன் முகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காலைப் பார்த்தார்கள். சிலர் தொட்டும் பார்த்தார்கள். அவனுக்குத்தான் தெரியப்போவதில்லையே என்று, தொடலாமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் நடக்க முடியாதவர்களுக்குப் பாய்மரப் படகு ஓட்டப் பழக்குகிறது என்று தாய்மாமன் நாகராசுதான் விசாரித்து வந்தார். கடல் சிகிச்சை என்றார். சிகிச்சை என்றதுமே ஆத்தா கண்ணாத்தாள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மகன் தன் காலால் நடந்து பால்குடம் எடுப்பான். மாமன் சனிக்கிழமைகளில் ஆட்டோ சவாரியை விட்டுவிட்டு அவனைக் கடலுக்கு ஏற்றிப்போனார்.

சக்கர நாற்காலி கரைச் சேற்றில் புதைந்தது. துணியில் தூக்கித்தான் படகில் இறக்கினார்கள். கவிழாமலிருக்கப் படகின் அடியில் கனமான இரும்பு. முழங்கால்களுக்கு நடுவே ஒரு குச்சி. அதைச் சாய்த்த பக்கம் படகு திரும்பும். பழக்கிவிட்ட செபமாலை, தோள் போனதால் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்த மீனவர்.

"இதுல காலுக்கு வேலையே கிடையாது தம்பி. நல்ல காலு ரெண்ட வச்சுக்கிட்டு நானும் ஒன்ன மாதிரிதான மடக்கிப் போட்டு உக்காந்திருக்கேன்" என்றார்.

விழுந்ததற்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

தை பிறந்ததும் தனியாக ஓட்ட விட்டார்கள். படகு திரும்பும்போது பாய் ஒரு நொடி செத்துத் தொங்கும். பிறகு காற்றைப் பிடித்து விறைக்கும். அந்த இழுப்பு பாய்க்கயிற்றைப் பிடித்த கையேறி, அவன் தோள் வழியாக முதுகுக்கு இறங்கும், உணர்வு நிற்கிற இடம் வரைக்கும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று நடுக்கடலில் அவன் நினைத்ததேயில்லை.

இது காலைக் கொண்டுவராது என்று அந்த நிறுவனத்தின் பிசியோதெரபிஸ்ட் சுடர்விழி முதல் நாளே சொல்லியிருந்தாள். கைக்கு, முதுகுக்கு, தூக்கத்துக்கு நல்லது. அவன் தலையாட்டினான். வீட்டில் அதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் ஆத்தா காலடியில் உட்கார்ந்து, ஏதாவது தெரியுதா என்று கேட்பாள். இத்தனை நாளாகியும் ஒன்றையும் காணோமே, நிறுத்திவிடலாமா என்று ஒரு நாள் மாமன் பேச்சை எடுத்தார். அன்றைக்குத்தான் பெருவிரலில் குறுகுறுவென்று இருக்கிறது என்றான் அரவிந்த்குமார்.

ஆத்தா அழுதாள். மாமன் மறுவாரம் முன்னதாகவே வந்து நின்றார்.

பொய் பெருவிரலிலிருந்து கணுக்காலுக்கு ஏறியது. ஆடி பிறக்கும்போது முழங்காலுக்கு வந்துவிட்டது. கடைசி வெள்ளி பால்குடம் என்று ஆத்தா நாள் குறித்துச் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள். கால் கொடுத்த புள்ளையை விட முடியுமா என்று சுடர்விழியையும் போனில் அழைத்தாள். சுடர்விழி பதறிப்போய் உள்ளதைச் சொன்னாள்.

ஆத்தா போனை வைத்துவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள். "அந்தப் புள்ள சொல்றது பொய்யா, நீ சொன்னது பொய்யா?"

சுடர்விழி மேல் பழியைப் போடலாம். போட்டாலும் அவள் இருக்கிற கடலுக்கு இனி விடமாட்டார்கள்.

"நாந்தான் ஆத்தா பொய் சொன்னேன். நிப்பாட்டிருவீங்கன்னு பயமா இருந்துச்சு. அங்க போனா நல்லாருக்கேன்."

"காலு வராம என்னடா நல்லாருக்கு?"

 

யாருக்காகச் சவாரியை விட்டேன் என்று மாமன் ஒரே ஒரு தரம் கேட்டார். கடல்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. செபமாலை போன் செய்தார். அவன் எடுக்கவில்லை.

ஆவணியில் மாமனின் ஆட்டோ மறுபடி சனிக்கிழமைகளில் வந்தது. இந்த முறை அன்னவாசல் பக்கம். அங்கே ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டு நரம்பை இழுத்துவிடுகிறாராம், ஒரு வருசத்தில் நடக்கலாமாம். பெஞ்சில் குப்புறப் போட்டுத் தேய்த்தார். ஏதாவது தெரியுதா தம்பி என்று கேட்டார்.

"இல்லங்க."

வாசலில் உட்கார்ந்திருந்த ஆத்தா எட்டிப் பார்க்காமலே சொன்னாள். "அவன் பேச்சக் கேக்காதீங்க. அவன் பொய் சொல்லுவான். நீங்க தேய்ங்க."