கைப்பிடி இல்லாத கதவு

படவட்டு சேர்க்கும் பழக்கமுள்ள மற்ற வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சிஞ்ச்வட்டில். எச்டி டிவிடி, ப்ளூ ரே என்று இரண்டு வகை வட்டுகள் போட்டியிட்டபோது நான் முதல் வகையை நம்பினேன். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பியதில் அறுபத்து நான்கு சேர்ந்தன. பிறகு அந்த வகை தோற்றது. அதற்கான பிளேயர் செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். என்னிடமுள்ள ஒன்று தேய்ந்துவிடக் கூடாதே என்று படம் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன்.

இந்த மழைக்காலத்தில், வட்டுகளில் பூஞ்சை பிடிக்குமென்று பயந்து, அவை இருந்த ஸ்டோர் ரூம் ஜன்னலை டேப் ஒட்டி அடைத்தேன். கதவின் உட்புறம் வட்டு அடுக்க இன்னொரு தட்டு பொருத்துவதற்காக, இடைஞ்சலாக இருந்த கைப்பிடியையும் கழற்றினேன். மறுநாள் நான் உள்ளே இருந்தபோது பால்கனிக் காற்றில் கதவு சாத்திக்கொண்டது.

மனைவி கேம்ப் பகுதிக் கடைகளுக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டினேன், கத்தினேன். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு இழுப்பு உண்டு. இன்ஹேலர் ஹாலில் இருந்தது. நெஞ்சு இறுக இறுக, பதற்றத்தை அடக்க வட்டுகளை எண்ணினேன். நாற்பத்தொன்று உறையே பிரிக்காதவை.

திரும்பி வந்த மனைவி கதவைத் திறந்து இன்ஹேலரை நீட்டினாள்.

"பூஞ்சை பிடிக்காம இருக்க உங்களையும் சேத்து அடைச்சுண்டாச்சா?"

மூச்சு திரும்பியதும், "நாப்பத்தொரு படம் நாம பாக்கவே இல்ல, சரோஜா" என்றேன்.

"தொட்டா பிளேயர் தேஞ்சுடும்னேளே."

கைப்பிடியைத் திரும்பப் பொருத்திவிட்டேன். இப்போது தினமும் மாலையில் ஓர் உறையைப் பிரித்து இருவரும் படம் பார்க்கிறோம். பிளேயர் நிற்கிற அன்று நிற்கட்டும்.