காலை மாத்திரைக்கு முன்

கடந்த நோன்பு மாதத்தில் புத்தளம் களப்பின் நீர் எனக்கு மட்டும் ஒளிர்ந்தது. விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்காகக் கரையோரம் நடக்கையில் தோணிகளின் விளிம்புகள் மெல்ல ஊதா நிறங்கொள்ளும். தெருவிளக்கு நனைந்த நிலவைப்போல விரியும். வானுக்கும் நீருக்கும் இடையே எல்லையே இராது. அரை மணி நேரம் அவ்வாறு மிதந்துவிட்டு உலகம் தன் பழைய நிறத்துக்குத் திரும்பும். நோன்பின் அருளென்றே நம்பினேன், எவரிடமும் சொல்லவில்லை.

சொல்லாதது வேறொன்றும் இருந்தது. என் நுரையீரலில் பூஞ்சை பற்றியிருந்தது. அதற்கான மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் காலையும் மாலையும் விழுங்கவேண்டும், நோன்பு கூடாது என்று மருத்துவர் கூறியிருந்தார். நான் நோன்பிருந்தேன். காலை மாத்திரையை விடியலுக்கு முந்திய ஸஹர் உணவு முடியும் வேளைக்கும், மாலை மாத்திரையை நோன்பு திறந்த பிறகும் நகர்த்திக்கொண்டேன். அறிந்தவள் என் மனைவி மட்டுமே.

அம்மருந்து குருதியில் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். மிகுந்தால் ஈரலைக் கெடுக்கும். குறைந்தால் பூஞ்சை மீண்டும் தழைக்கும். காலை மாத்திரைக்குச் சற்று முன்னர், மருந்து மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில் குருதி எடுப்பதே முறை. அந்நோன்பு நாட்களில் ஒரு காலை, எட்டு மணிக்கு மருத்துவமனையில் தாதி என் கையில் பட்டியைக் கட்டியவாறு, மாத்திரை போட்டாயிற்றா என வினவினார். இல்லையெனத் தலையசைத்தேன். விழுங்கி மூன்று மணி நேரமே ஆகியிருந்தது.

சில நாட்களில் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. அளவு மிக உயர்ந்திருப்பதால் மருந்தைப் பாதியாக்கப்போவதாகச் சொல்லி மருத்துவர் பேனையை எடுத்தார். பாதி மருந்துக்குப் பூஞ்சை அடங்குமா என்று கேட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியனென்று என்னை அறிந்தவர்.

“சொல்ல ஏலாது சேர். பாப்பம்.”

அப்போதும் உண்மையை மறைத்தேன். அருகில் அமர்ந்திருந்த மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இவர் நோன்பு, டொக்டர். ரத்தம் எடுத்த அண்டைக்கும் ஸஹர்ல குளிசை போட்டுட்டுத்தான் வந்தாரு.” பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், “நோன்போட பொய் சொல்லீக்கிறீங்க. அது என்ன நோன்பு?”

மருத்துவர் சினக்கவில்லை. மாத்திரை போட்ட பின்னர் கண்ணில் நிறங்கள் ஏதும் தோன்றுகின்றனவா என்று மட்டும் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். மருந்து குருதியில் ஏறும் வேளையில் சிலருக்கு அப்படித் தோன்றும் என்றார். வெட்கத்தைவிட அவ்விளக்கமே என்னை வருத்தியது. மருந்தை அவர் குறைக்கவில்லை. ஒரு வாரம் நோன்பை விட்டு, மாத்திரையை உரிய நேரத்தில் எடுத்து, மீண்டும் குருதி கொடுக்கச் சொன்னார்.

மறுவாரம் தாதி கேட்குமுன்னரே முந்திய மாலை மாத்திரையின் நேரத்தைச் சொன்னேன்; அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். அந்த அளவு சரியாக அமைந்ததும், மருந்து குறையாமல் தொடர்ந்ததும் பிறகு நடந்தவை. குருதி எடுத்து முடிந்ததும் மனைவி மாத்திரையையும் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினாள். அவளுக்கு நோன்பு. எதிர் வாங்குகளில் ஊரார் பலர் அமர்ந்திருந்தனர்; அவர்களுக்கும் நோன்பு. பட்டப்பகலில், அவர்கள் பார்த்திருக்க, போத்தலைத் திறந்து குடித்தேன்.