நூறக்காவின் ஸ்லைடு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'நூறக்கா' என்று பெயர். ஒவ்வொரு ஸ்லைடிலும் நூறு வெள்ளை அணுக்களை வகைபிரித்து எண்ணாமல் எழுந்திருக்க மாட்டாள். அணுக்களுக்கு நிறமேற்றும் சாயத்தில் புதுப் புட்டி வந்தால் முதலில் தன் விரலைக் குத்தித்தான் சோதிப்பாள். நல்ல ரத்தம் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு இருபது வருடமாக அவள் ரத்தமே அளவுகோல்.

அன்று புதுப் புட்டியில் சோதித்த அவள் ரத்தத்தில் நூற்றுக்கு அறுபது அணுக்கள் முதிராதவை. சாயம்தான் கெட்டுவிட்டது என்று திட்டி, புட்டியைக் குப்பையில் போட்டாள். அடுத்த புட்டியிலும் அதே அறுபது.

அந்த ஸ்லைடைப் பார்த்த டாக்டர் மென்று விழுங்கினார். "எலும்பு மஜ்ஜையில ஸ்டெம் செல்னு..."

"எனக்கே பாடமா சார்? அது பிரிஞ்சு, முதிர்ந்து, சிவப்பணுவாவோ வெள்ளையணுவாவோ ஆகணும். இதுங்க முதிராமலே நிறுத்தாம பெருகுதுங்க. புற்றுநோய்னு வாய்விட்டுச் சொல்லுங்க. மருந்தை ஏத்துங்க. ஆனா என் ஸ்லைடை நான்தான் எண்ணுவேன்."

இரண்டு மாதம் கழித்து, மொட்டைத் தலையும் முகக்கவசமுமாக வந்து நுண்ணோக்கி முன் அமர்ந்தாள். நூறு முடித்து டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த அறுபதுல இன்னும் நாலு பேர் இருக்காங்க சார். யாருகிட்ட வந்து குடியேறினோம்னு அவங்களுக்குத் தெரியல போல. அடுத்த ஊசியை எடுங்க."