சூரணத்தின் சேர்மானம் கேட்டு இலஞ்சிக்கு

சீசன் நேரத்தில் குற்றாலம் பக்கம் போயும் ஒரு சொட்டு அருவித் தண்ணீர் மேலே படாமல் திரும்பியவன் நானாகத்தான் இருப்பேன். என் மனைவி வசந்தாவுக்கு மார்பகப் புற்றுநோய். நாலாவது கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் கணக்கு ஏறிக் கிடந்தது. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதும் வசந்தா என்னைப் பார்த்தாள். குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சியில் வைத்தியர் ஒருவரிடம் சூரணம் வாங்கி ஒரு மாதமாக நான்தான் அவளுக்குக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"உடனே நிறுத்துங்க. அதுல என்ன இருக்குன்னு கேட்டுட்டு வாங்க. வியாழக்கிழமை திரும்ப ரத்தம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். பொட்டலத்தில் ஒரு எழுத்து கிடையாது. வைத்தியரிடம் போனில் கேட்டால், சொல்ல மாட்டேன் என்று வைத்துவிட்டார்.

செவ்வாய் காலை 6.10க்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். தென்காசி ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஆலங்குளத்தில் ஐந்து நிமிடம் நின்றதற்கே டிரைவர்மேல் எரிச்சல் வந்தது. பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல். பஸ்ஸே குதூகலமாகிவிட்டது, எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை.

"அருவில தண்ணி நல்லா விழுது அண்ணாச்சி, ஐந்தருவிக்கு விடட்டா?" என்றார் தென்காசியில் ஆட்டோக்காரர். இலஞ்சிக்கு விடச் சொன்னேன். நூற்றைம்பது ரூபாய்.

வைத்தியருக்கு என் வயதுதான் இருக்கும். "சேர்மானத்தை வெளிய சொல்லுத வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல அண்ணாச்சி. வீட்டுல மேலுக்கு அசதின்னுதான வாங்கினிய, இப்ப என்ன?"

கீமோ நடக்கிறது என்றேன். மனுஷன் எழுந்தே விட்டார். "என்ன வேலை பாத்திருக்கிய! அன்னைக்கே சொல்லியிருந்தா இதைக் குடுத்தே இருக்க மாட்டேனே."

உண்மைதான். புற்றுநோய் என்று சொல்ல வாய் வராமல் அவரிடமும் மறைத்திருந்தேன். இரண்டு பக்கமும் மறைத்த மகா புத்திசாலி.

"டாக்டருக்குப் போனைப் போடுங்க. அவங்ககிட்ட நான் சொல்லுதேன். நீங்க வெளிய நில்லுங்க" என்றார். டாக்டரம்மாவை அழைத்துப் போனை அவரிடம் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு நிமிடம் தெருவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். பிறகு போனை என் கையில் கொடுத்தார். "எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. நிறுத்தச் சொன்னாங்க, அதான் சரி. ஆஸ்பத்திரி வைத்தியம் முடியுத வரைக்கும் இங்கன வராதிய. வந்தாலும் தரமாட்டேன்."

வியாழக்கிழமை கணக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது. அசதிக்கு மூச்சுப் பயிற்சியும் காலையில் அரை மணி நடையும் போதும் என்றார் டாக்டரம்மா.

மருந்துக்காக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். என்ன நோய், என்ன சிகிச்சை என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் தருவதை உங்கள் டாக்டரிடம் காட்டாமல் ஒரு சிட்டிகைகூடக் கொடுக்காதீர்கள். நாம் வெட்கப்பட்டு மறைத்தால் தாங்குவது இன்னொருவர் உடம்பு.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாவிடம் கேட்டேன், "அவ்வளவு கசப்பை ஒரு நாள்கூட வேண்டாம்னு சொல்லலியே?"

"எனக்காவா குடிச்சேன்? நீங்கதான் உறங்காம வீட்டைச் சுத்திச் சுத்தி வந்திய. நான் அதைக் குடிச்சாத்தான் படுத்திய" என்றாள். "டாக்டரம்மா நடக்கச் சொன்னது என்னைய. நீங்க கொஞ்சம் உக்காருங்க."